பழைய டெனிம் ஷார்ட்ஸ்: தைத்த வருடமும் வெட்டிய வருடமும்

மார்ச்

அமெரிக்காவின் வட கரோலினாவில் குளிர் விட்டதும் வீடு வீடாக அலமாரி காலி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ராலேயில் எங்கள் வீட்டுப் பக்கத்தில், பழைய சாமான் விற்கும் த்ரிஃப்ட் கடையில், அன்றைக்கு வந்த மூட்டையில் ஒரு டெனிம் ஷார்ட்ஸ் கிடைத்தது. நாலு டாலர். உயர்ந்த இடுப்பு, வெளுத்த நீலம், உள்ளே பழுப்பேறிய லேபிள். கையில் எடுத்ததுமே எழுபதுகளில் தைத்தது என்று மனசு சொல்லிவிட்டது.

லேபிளில் ஆர்.என். என்று போட்டு ஓர் எண் இருந்தது. அமெரிக்காவில் துணி தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் மத்திய வர்த்தக ஆணையம் கொடுக்கும் பதிவு எண் அது. 1959 முதல் 13670இல் தொடங்கி வரிசையாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பழைய துணி சேர்ப்பவர்கள் கையில் ஒரு கணக்கு உண்டு: எண்ணில் 13670ஐக் கழித்து, மிச்சத்தை 2635ஆல் வகுத்து, 1959ஐக் கூட்டினால் ஏறக்குறைய வருடம் வந்துவிடும். என்னுடையது 52 ஆயிரத்துச் சொச்சம். போட்டுப் பார்த்தேன், 1973. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். அதே லேபிளின் பின்பக்கம் 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூல். துவைக்கும் முறை எழுத்தில் இல்லை; வாளி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி என்று படம் மட்டும். அமெரிக்கத் துணிகளில் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் போட அனுமதி கிடைத்தது 1997இல்தான். ஆக, 1973 என்பது அந்தக் கம்பெனி பதிவு செய்த வருடம். ஒருமுறை வாங்கிய எண்ணை எத்தனை வருடம் வேண்டுமானாலும் லேபிளில் போடலாம். அந்த எண்ணை நம்பி 'எழுபதுகளின் அசல்' என்று விற்கப்படும் ஷார்ட்ஸ் நிறைய இருக்கும் என்று தோன்றியது. நானே அப்படித்தானே நம்பினேன்.

ஏப்ரல்

இந்த முறை தேடி வாங்கியது லீவைஸ் கம்பெனியின் 501 என்ற மாதிரி ஜீன்ஸை முழங்காலுக்கு மேலே வெட்டிய ஷார்ட்ஸ். இந்த மாதிரி உருப்படியைக் 'கட்-ஆஃப்' என்பார்கள். ஷார்ட்ஸாகவே தைத்து ஆலையிலிருந்து வந்தது ஒரு வகை. முழு ஜீன்ஸாகப் பிறந்து யாரோ ஒருவரின் கத்தரியில் ஷார்ட்ஸ் ஆனது இன்னொரு வகை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதற்கு இரண்டு பிறந்த நாள் இருக்கிறதே! தைத்த வருடத்தைக் கண்டுபிடிக்க வழிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டிய வருடத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அன்று முதல் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டாவது கேள்விதான்.

முதலில் தைத்த வருடம். வலது பின் பாக்கெட்டின் ஓரத்தில் சின்னச் சிவப்புத் துண்டு இருக்கும். 1936இல் வந்தது. அதில் கம்பெனிப் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் 1971க்கு முந்தியது. 'பெரிய ஈ' என்று இதைத்தான் கொண்டாடுகிறார்கள். நடுவில் வரும் ஈ சின்ன எழுத்தாக இருந்தால் அதற்குப் பிந்தியது. என்னுடையது சின்ன ஈ. பெரிய ஈ இருந்துவிட்டால் மட்டும் போதாது. பழைய மாதிரிகளைக் கம்பெனியே மறுபடி தைத்து விற்கும்போது அதே துண்டை வைக்கிறது. துண்டை மட்டும் பிரித்து வேறு துணியில் தைப்பவர்களும் உண்டு.

பின் பாக்கெட்டை உள்பக்கமாகத் தடவிப் பார்த்தேன். ரெனோ நகரத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து பாக்கெட் மூலை கிழியாமல் செம்பு ரிவெட் என்ற குமிழ் ஆணி அடிக்கும் காப்புரிமையைப் பெற்றது 1873 மே 20. பின் பாக்கெட் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று 1937இல் அவற்றைத் துணிக்கு அடியில் மறைத்தார்கள். 1966இல் அதையும் எடுத்துவிட்டுப் பார்டேக் போட்டார்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் பார்டேக் என்றால் சொல்ல வேண்டியதில்லை: ஒரே இடத்தில் நெருக்கமாக ஓட்டிய குறுக்குத் தையல். என்னுடையதில் பார்டேக்.

பிறகு பக்கத் தையல். இங்கேதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சென்னிமலையில் எங்கள் தாத்தா வீட்டில் தறி இருந்தது. பாவு நீளவாக்கில் ஓடும், ஊடை குறுக்கே போகும். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பும்போது ஊடை நூல் அறுபடாமல் மடங்கி வரும். அந்த மடிப்பு அடுக்கடுக்காகச் சேர்ந்தால் கரை. கரை பிரியாது. பழைய ஜீன்ஸின் வெளிப்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தால் அதே கரை தெரியும், வெள்ளைப் பட்டையில் சிவப்பு இழையோடு. அகலம் குறைந்த, சுமார் 29 அங்குலத் தறியில் நெய்த துணியில் ஓரத்தை வீணாக்காமல் நேரான பக்கத் தையலுக்கு வைத்து வெட்டுவார்கள். இரண்டு மடங்கு அகலமாக நெய்யும் நாடா இல்லாத தறிகள் வந்தபின் கரைக்கு வேலையில்லாமல் போயிற்று. வெட்டிய விளிம்பு பிரியாமல் நூலால் சுற்றித் தைத்து ஓவர்லாக் அடித்தார்கள். 501இல் கரை நின்றது 1980களின் நடுவில்.

அம்மாவிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கரை எங்க கண்ணு?" ஓவர்லாக்கைக் காட்டினேன். "அப்ப இது மிஷின் தறித் துணி. உங்க தாத்தா இருந்தா கையில தொட்டே சொல்லியிருப்பாரு" என்றார். புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்ததை அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

சின்ன ஈ, ஓவர்லாக், எழுத்தில் அச்சிட்ட துவைக்கும் குறிப்பு, அமெரிக்கத் தயாரிப்பு. எல்லாம் சேர்த்தால் 1980களின் பிற்பாதியிலிருந்து 1990களின் நடு வரை. இடுப்புப் பட்டனின் பின்பக்கத்தில் ஆலை எண் பொறித்திருக்கும். 555 என்றால் சான்ஃபிரான்சிஸ்கோ வலன்சியா தெரு ஆலை, 2002இல் மூடிவிட்டார்கள். என்னுடையதில் இருப்பது வேறு எண்.

மே

கிரீன்ஸ்பரோவுக்குப் போனேன். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். மோசஸ் கோன், சீசர் கோன் என்ற சகோதரர்கள் கட்டிய வொயிட் ஓக் ஆலை 1905இல் ஓடத் தொடங்கியது. 1915இல் லீவைஸுடன் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டு 501க்கான டெனிமை நெய்து கொடுத்தது. அந்தச் சிவப்பு இழைக் கரை இங்கே நெய்ததுதான். 2017 டிசம்பர் 31 அன்று ஆலையை மூடிவிட்டார்கள். சிவப்புச் செங்கல் சுவருக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். டிரேப்பர் கம்பெனியின் பழைய தறிகள் மரத் தளத்தின்மேல் ஆடி ஆடி ஓடியதாகச் சொல்வார்கள். தறிச் சத்தம் நின்றுபோன தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன், ஜூலை

இந்த இரண்டு மாதமும் வெட்டிய விளிம்போடு போயிற்று.

ஜீன்ஸில் பாவு நூல் நீலம், ஊடை வெள்ளை. காலைக் குறுக்கே வெட்டினால் விளிம்பிலிருக்கும் ஊடை இழைகள் துவைக்கத் துவைக்க ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பாவு நுனிகள் குஞ்சமாகத் தொங்கும். குஞ்சம் நீலமாகத்தானே இருக்க வேண்டும்? பழைய கட்-ஆஃபில் அது ஏறக்குறைய வெள்ளை. காரணம் அவுரிச் சாயத்தின் குணம். நூலைக் கயிறுபோலச் சேர்த்துச் சாயத் தொட்டியில் முக்கி, வெளியே எடுத்துக் காற்றுப்பட விட்டு, மறுபடி முக்குவார்கள். காற்றுப் பட்டதும் நீலம் நூலின் மேலேயே படிந்துவிடும், நடுத்தண்டு வெள்ளையாகவே இருக்கும். வருடக்கணக்கில் உரசி மேலோடு போன நுனி வெள்ளையாகிப் பஞ்சுபோல மெத்தென்று ஆகும். சமீபத்தில் வெட்டிய விளிம்பில் குஞ்சம் குட்டையாக, நீலமாக, தனித்தனிக் குச்சியாக நிற்கும். சோதனைக்காக ஒரு பழைய ஜீன்ஸை நானே வெட்டிப் பன்னிரண்டு முறை மிஷினில் போட்டேன். குஞ்சம் நீளமாயிற்று, நிறம் லேசாகத்தான் மாறியது. மிஷின் துவைத்தது போதவில்லை. தொடையிலும் நாற்காலியிலும் உரசியிருக்க வேண்டும்.

ஏப்ரல் மாதத்து 501இல் இன்னொரு நல்வாய்ப்பு. அதை வெட்டியவர் விளிம்பை இரண்டாக மடித்து வீட்டு மிஷினில் தைத்திருந்தார். அந்தத் தையலை இரண்டு அங்குலம் மட்டும் பிரித்தேன். மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி வெயிலும் உரசலும் படாதது. அது கருநீலமாக இருந்தால் ஜீன்ஸ் புதிதாக இருக்கும்போதே வெட்டியிருக்கிறார்கள், ஷார்ட்ஸாகவே வெளுத்திருக்கிறது. வெளியிலிருப்பதைப் போலவே வெளிறியிருந்தால் பல வருடம் முழு ஜீன்ஸாகப் போட்டு, முழங்கால் கிழிந்த பிறகு கத்தரி வைத்திருக்கிறார்கள். பிரித்தேன். வெளிறியிருந்தது. பக்கத் தையலை ஒட்டி இறங்கும் வெளுத்த கோடும் மடிப்புக்குள் அப்படியே தொடர்ந்து போயிற்று. பத்து வருடமாவது யாரோ ஒருவரின் வேலைநாள் ஜீன்ஸாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிரித்த இடத்தை அதே ஊசித் துளைகள் வழியாகக் கையால் தைத்து மூடினேன்.

இதே ஜூலையில் வாங்கிய மற்றொன்றில் மடிப்புக்குள் மையிருட்டு நீலம். 1979இல் தொடங்கிய 'த டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொலைக்காட்சித் தொடரில் கேத்தரின் பாக் போட்டு வந்த குட்டை கட்-ஆஃப், அந்தப் பாத்திரத்தின் பெயரிலேயே 'டெய்சி டியூக்ஸ்' ஆகிவிட்டது. அதன் பிறகு வெட்டுவதற்கென்றே ஜீன்ஸ் வாங்கியவர்களும் உண்டு. அதற்கு முன்னால் அறுபதுகளின் இளைஞர்கள் கிழிந்த முழங்காலை வெட்டினார்கள். ஒன்று விருப்பம், மற்றது சிக்கனம். மடிப்பைப் பிரித்தால் இரண்டில் எது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. எனக்குச் சிக்கனத்தில் வெட்டியதன் மேல்தான் பிரியம் அதிகம்.

செப்டம்பர்

இதுவரை கிடைத்ததில் ஆகப் பழையது. ஒரு வயதான அம்மாளின் வீட்டுச் சாமான்கள் விற்பனையில், தையல் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தார்கள். பெண்கள் ஷார்ட்ஸ். வெட்டியது அல்ல, ஷார்ட்ஸாகவே தைத்தது. இடப்பக்க இடுப்பில் உலோக ஜிப், இழுக்கும் நாக்கில் டாலன் என்ற பெயர். பென்சில்வேனியாவின் மீட்வில் நகரக் கம்பெனி அது.

உள்ளே தையலோடு தையலாகத் தொழிற்சங்க லேபிள். ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ., அதாவது பெண்கள் ஆடை தைக்கும் தொழிலாளர்களின் சங்கம். லேபிளிலேயே ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. என்ற எழுத்துகளும் இருந்தன. ஏ.எஃப்.எல்., சி.ஐ.ஓ. என்ற அந்த இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஒன்று சேர்ந்தது 1955இல். எனவே அதற்கு முன் தைத்திருக்க முடியாது. துவைக்கும் குறிப்பு எங்கும் இல்லை. அது கட்டாயமானது 1972இல். என்ன நூல், எத்தனை சதவீதம் என்ற விவரமும் இல்லை. அதைக் கட்டாயமாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1960 மார்ச்சில். இல்லாத லேபிளை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து, யாராவது குத்துகிறது என்று அறுத்திருக்கலாம். இடுப்புப்பட்டி முழுவதும் வெளிச்சத்தில் பிடித்து ஊசித் துளை தேடினேன். ஒன்றுகூட இல்லை. 1955க்கும் 1960க்கும் நடுவே என்று நோட்டில் எழுதும்போது கை நடுங்கியது.

பக்கத் தையல் ஓரத்திலிருந்து அரை அங்குல நூலை எடுத்துக் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாசனை, உதிரும் சாம்பல். முழுப் பருத்தி நூல். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டிருக்கும்.

அக்டோபர்

சங்க லேபிள் ஷார்ட்ஸில் அடித்தள அறை வாசனை போகவில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒரு இரவு, மறுநாள் சாந்தமான சோப்பில் பத்து நிமிடம், பிழியாமல் துண்டில் சுருட்டி நிழலில் காயவைத்தேன். தண்ணீர் இளநீலமாக மாறியது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் சாயம் இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது.

ஜிப் பாதியில் நிற்கிறது. பென்சில் கரியைப் பல்லில் தேய்த்ததில் மூன்று பல் நகர்ந்தது. இந்த வாரம் மெழுகு தேய்த்துப் பார்க்கப் போகிறேன். இடது பாக்கெட்டுக்குள் விரலை விட்டபோது துணிப் பொடியோடு ஒரு ஹேர்பின் வந்தது. துடைத்துவிட்டு அதே பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.