பல்லுக்குத் தனிக் கணக்கு

வைத்தியம் இலவசம் என்று கேட்டுத்தான் இங்கிலாந்துக்கு வருகிறோம். பல்லுக்கு அது பொருந்தாது. காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் பல்வலி என்று போனால், பல் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவார். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில்கூடப் பல் வைத்தியத்துக்குப் பெரியவர்கள் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் ரூட் கேனலுக்கான, அதாவது பல் வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைப்பதற்கான கட்டணம் 75.30 பவுண்டு, அந்தப் பல்லின் மேல் மூடியாகக் கேப் போடுவதற்கு 326.70 பவுண்டு என்று ஆனது. இரண்டும் ஒரே சிகிச்சையில் வந்தால் பெரிய கட்டணம் மட்டும் போதும். ஆனால் அந்தக் கட்டணத்தில் பார்க்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. பல ஊர்களில் புதியவர்களைச் சேர்ப்பதே இல்லை.

எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு நாகர்கோவிலில் ரூட் கேனல் செய்து, கேப்பும் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். சில வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் அந்த ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம். வலி கிடையாது, அழுத்தினால் உப்புக் கரிப்பாக ஏதோ வரும். நரம்பை எடுத்த பல்லுக்குச் சூடு, குளிர் தெரியாது. வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பில் சத்தமில்லாமல் சீழ் பிடிக்கலாம். வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

இங்குள்ள டாக்டர் முதலில் கேட்டது பழைய எக்ஸ்ரேயை. அம்மை அதை ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருந்தாள். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த அந்தப் படத்தில் வேர் நுனி சுத்தமாக இருந்தது. புதுப் படத்தில் அதே இடத்தில் கறுப்பாக ஒரு நிழல். பழைய படம் மட்டும் இல்லாவிட்டால், அது ஆறிவரும் பழைய புண்ணா, புதிதாக வந்ததா என்று தெரிய மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி படம் எடுக்க வேண்டியிருக்கும்.

“பிடுங்கித் தள்ளு மக்களே, எதுக்கு இந்தப் பாடு?” என்றாள் அம்மை. எனக்கு மனம் வரவில்லை. ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும்.

கேப்பின் நடுவே துளை போட்டு, உள்ளே அடைத்திருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய்களில், முன்பு கண்ணில் படாத நான்காவது ஒன்று இருந்தது. இந்தப் பல்லில் பொதுவாக மூன்றுதான் இருக்கும், நான்கு இருப்பதும் உண்டு. எச்சில் உள்ளே போகாமலிருக்கப் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட் மாட்டினார்கள். அந்த வாடை வந்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி அவர். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். வேருக்குள் அடைக்கிற கட்டா பெர்ச்சாவும் மரப்பால்தான், மலேயா பக்கத்து மரம். அன்று சாயங்காலம் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன்.

இப்போது தினமும் இரவு இடுக்குப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்கிறேன். கேப்பின் ஓரத்தில்தான் மறுபடி சொத்தை பிடிக்கும். அம்மை அனுப்பும் முந்திரிக்கொத்தை மட்டும் விட முடியவில்லை. கல்லாக இறுகியிருக்கும் அதை உடைத்து மறுபக்கத்துப் பல்லால் மெல்லுகிறேன்.

அக்கா மகன் செப்டம்பரில் படிக்க வருகிறான். அவனுக்கு ஒரு ரூட் கேனல் பாதியில் நிற்கிறது. கேப் வரை முடித்துவிட்டு, எக்ஸ்ரேக்களையும் எத்தனை கால்வாய் அடைத்தார்கள் என்ற குறிப்பையும் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். தற்காலிக அடைப்போடு வந்தால் அது கசிய ஆரம்பிக்கும். கேப் இல்லாத பல் பிளக்கவும் கூடும்; வேர் வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது.