திறந்தவர் யார்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3

கோபோல் நிரல்மொழியில், முதன்மை நிரல் திறக்கும் கோப்பில் அது அழைக்கும் துணை நிரலும் எழுத வேண்டும். மீண்டும் 48. முதன்மை நிரல் கோப்பை ஓப்பன் அவுட்புட் என்று எழுதுவதற்காகத் திறந்தபோது, ஒவ்வொரு செயலின் முடிவையும் சொல்லும் ஃபைல் ஸ்டேட்டஸ் 00, அதாவது வெற்றி என்றுதான் வந்தது. அடுத்து அழைக்கப்பட்ட துணை நிரல் ரைட் செய்த உடனே 48, அதாவது எழுதுவதற்காகத் திறக்கப்படாத கோப்பில் எழுத முயன்றதற்கான குறி. கோப்பின் பெயரைச் சொல்லும் செலக்ட் வரியும், அதன் பதிவின் அமைப்பை விவரிக்கும் எஃப்.டி.யும் இரண்டு நிரல்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்பதை விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துவிட்டேன். பெயர் ஒன்றானால் கோப்பும் ஒன்று என்று நினைத்திருந்தேன், கோபோலில் அப்படியில்லை. ஒவ்வொரு நிரலும் தன் எஃப்.டி.க்கென்று தனி இணைப்பை வைத்துக்கொள்வதால், ஒன்று திறந்து வைத்திருப்பது மற்றொன்றுக்குத் தெரிய வழியே இல்லை.

மார்ச் 4

முதன்மை நிரலின் எஃப்.டி.யில் மட்டும், நிரல்களுக்கிடையே பொது என்று அறிவிக்கும் எக்ஸ்டெர்னல் சேர்த்துப் பார்த்தேன், அதே 48.

மார்ச் 5

துணை நிரலிலும் எக்ஸ்டெர்னல் சேர்த்தேன், 00 வந்தது. திரையில் அந்த இரண்டு பூச்சியங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இப்போது அந்த இணைப்பு எந்த நிரலுக்கும் சொந்தமில்லை, ரன் யூனிட்டுக்கு, அதாவது ஒன்றாக ஓடும் நிரல்களின் தொகுதி முழுவதற்கும் பொது. எந்த நிரல் திறந்தாலும் மற்றவை படிக்கலாம், எழுதலாம், மூடவும் செய்யலாம். அந்தக் கடைசிச் சொல்தான் மனத்தில் தைத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 7

ஒரு நிரலில் பதிவின் நீளம் 80, மற்றொன்றில் 81. ஃபில்லர் எனும் பெயரில்லா நிரப்பிடம் ஒன்றில் கூடுதலாக விழுந்த ஓர் எழுத்தைத் தேடி ஒரு நாள் போயிற்று. இனி எஃப்.டி.யை எந்த நிரலிலும் கையால் எழுதப் போவதில்லை. நிரல்கள் பகிரும் வரிகளைக் கொண்ட காப்பிபுக் ஒன்றே ஒன்று, எல்லாரும் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.

மார்ச் 10

முதல் அழைப்பில் 00, இரண்டாம் அழைப்பில் 41, ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பை மறுபடி திறக்க முயன்றதற்கான குறி. துணை நிரலின் தொடக்கத்தில், அதன் சொந்தக் கோப்பைத் திறக்கும் பழைய ஓப்பன் வரி ஒன்று இருப்பதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். துணை நிரலை முடிக்கும் எக்ஸிட் புரோகிராம் கட்டுப்பாட்டைத் திருப்பித் தருகிறதே தவிர, திறந்த கோப்பை மூடுவதில்லை.

மார்ச் 11

இன்று 42, திறந்திராத கோப்பை மூட முயன்றதற்கான குறி. இரண்டு பேர் மூடியிருக்கிறார்கள்.

மார்ச் 14

இதை எழுதி வைக்காமல் உறங்க முடியாது. ஏழு பதிவுகள் கொண்ட சோதனைக் கோப்பில் 101 முதல் 107 வரை எண்கள் இருந்தன. முதன்மை நிரல் ஒரு பதிவைப் படித்து, அடுத்த பதிவு அதே பிரிவைச் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்லத் துணை நிரலை அழைக்கிறது, துணை நிரலும் தன் பங்குக்கு ஒரு ரீட் செய்கிறது. அறிக்கையின் முதல் வரியில் 101 இருக்க வேண்டிய இடத்தில் 102 அச்சாகியிருந்தது. அடுத்த வரிகளில் 104, 106. பகிர்ந்தது கோப்பை மட்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதிவு வந்து விழும் இடமும் ஒன்றே, படித்து நிற்கும் இடமும் ஒன்றே என்பது அந்த வரிகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நான் கையில் வைத்திருந்த பதிவின் மேலேயே துணை நிரல் அடுத்ததைப் படித்துவிட்டது, நான் அடுத்து படிக்க வேண்டியதையும் தானே எடுத்துக்கொண்டது. அதைவிடக் கொடுமை கடைசியில் நடந்தது. முதன்மை நிரல் 107-ஐப் படித்த பிறகு துணை நிரல் படிக்க முயன்று 10 பெற்றது. கோப்பு முடிந்த செய்தி அதற்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த முதன்மை நிரல் மறுபடியும் படித்தபோது 46 வந்தது, அடுத்த பதிவே இல்லாத நிலையில் படிக்க முயன்றதற்கான குறி. கோப்பு முடிந்ததும் இயங்க வேண்டிய அட் எண்ட் பிரிவு 46-க்கு இயங்காது. சுழற்சி நிற்கவே இல்லை, நான்தான் நிறுத்தினேன்.

மார்ச் 15

ரீட் இன்டு போட்டு, படித்ததை நிரலின் சொந்த நினைவிடமான ஒர்க்கிங் ஸ்டோரேஜில் எடுத்து வைத்தேன். பதிவு அழியாமல் தப்பியது. நிற்கும் இடம் இன்னும் பொதுவாகத்தான் இருக்கிறது.

மார்ச் 18

மூத்த நிரலாளரான சாரிடம் கொண்டுபோனேன். அவர் பதில் சொல்லாமல் தம்முடைய பழைய நிரல் ஒன்றைத் திறந்து காட்டினார். எழுதிய தேதியைக் குறிக்கும் டேட் ரிட்டன் பத்தியில் 1983 என்று இருந்தது. எக்ஸ்டெர்னல், உள்ளடங்கிய நிரல்களுக்குப் பொது என்று அறிவிக்கும் குளோபல் இரண்டுமே கோபோலின் 1985 தரத்தில் வந்தவை. கோப்பின் பெயரை யூஸிங்கில், அதாவது அழைப்போடு அனுப்பும் பட்டியலில் அனுப்பவும் தரம் இடம் தருவதில்லை. ஆகவே அவர் கோப்பை ஒரே ஒரு துணை நிரலுக்குள் வைத்திருக்கிறார். மற்ற நிரல்கள் அழைத்தவர் தருவதைப் பெறும் லிங்கேஜ் செக்‌ஷன் வழியாக ஓர் எழுத்தை அனுப்புகின்றன: திறக்க ஓ, படிக்க ஆர், எழுத டபிள்யூ, மூட சி. படித்த பதிவும் ஸ்டேட்டஸும் அதே வழியில் திரும்பி வருகின்றன. திறந்தவரே மூடுகிறார். "யாரு படிச்சாங்கன்னு ஒரே இடத்துல பாத்துடலாம்பா" என்றார். இரண்டு வாரங்களாக நான் தேடியது இந்த வசதியைத்தான்.

குளோபலைப் பற்றியும் கேட்டேன். நிரலுக்குள் நிரலாக எல்லாவற்றையும் ஒரே மூலத்தில் வைத்தால் அது போதும் என்றார். எங்கள் துணை நிரல்கள் தனித்தனியாகத் தொகுக்கப்படுபவை.

மார்ச் 20

துணை நிரலைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் கேன்சலை நம்பியிருந்தேன். துணை நிரலை கேன்சல் செய்தால் அதன் சொந்தக் கோப்புகள் மூடப்படுகின்றன. எக்ஸ்டெர்னல் கோப்பு திறந்தபடியே இருக்கிறது, அதன் பிறகும் முதன்மை நிரலால் எழுத முடிகிறது.

மார்ச் 22

துணை நிரலில் எழுதும்போது பிழை நேர்ந்தது, முதன்மை நிரலின் ஸ்டேட்டஸ் மாறியில் 00 அப்படியே இருந்தது. தவறே நடக்காததுபோல் அது அடுத்த பதிவுக்குப் போய்விட்டது. ஸ்டேட்டஸ் மாறியையும் 01 என்ற மேல்நிலை அறிவிப்பில் எக்ஸ்டெர்னலாக்கிக் காப்பிபுக்கில் சேர்த்தேன். பொதுவாக்க வேண்டியவை ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கின்றன.

மார்ச் 25

எல்லா எக்ஸ்டெர்னலையும் எடுத்துவிட்டேன். 1983-ஆம் ஆண்டு வழியிலேயே புதிதாக எழுதுகிறேன். சார் இந்த மாதத்தோடு இங்கிருந்து போகிறார். அதற்குள் ஒருமுறையாவது அவர் முன்னிலையில் ஓட வேண்டும்.

மார்ச் 28

ஓ, ஆர், டபிள்யூ மூன்றும் ஓடுகின்றன. ஏழு பதிவுகள், ஏழு வரிகள். 101 முதல் வரியில் இருக்கிறது.

மார்ச் 30

சி அனுப்பியபோது 42 வந்தது. இந்தக் கோப்பை மூடும் உரிமை இப்போது ஒரே நிரலுக்குத்தான் இருக்கிறது. எனில் இதற்கு முன் சி அனுப்பியது யார் என்று எல்லா அழைப்புகளையும் அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சார் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்.