கியரில் சுழன்றது, நியூட்ரலில் புகைந்தது: பழைய அவுட்போர்டில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்

நேற்று மாலை சாவியைத் திருப்பியதும் என் பழைய 40 குதிரைத்திறன் ஜான்சன் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்) இரண்டே சுற்றில் பிடித்துக்கொண்டது. அதைவிட மகிழ்ச்சி தந்தது அடுத்த நிமிடம். எஞ்சினை நிறுத்தினேன். புரொப்பல்லரைக் கையால் சற்றே அசைத்துக் கியரில் விழவைத்து, மறுபடி சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற ஓசைகூட இல்லை. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. அந்த அமைதிக்காகத்தான் மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

இது 1960களில் வந்த, கயிறு இழுத்துக் கிளப்பும் வகை. அதே வரிசையில் பிஸ்டன் இறுகிப்போன இன்னொரு மோட்டாரிலிருந்து பல்வளையம் உள்ள ஃபிளைவீல், ஸ்டார்ட்டர், அதன் தாங்கி மூன்றையும் கழற்றி இதற்கு மாற்றினேன். ஃபிளைவீலைக் கழற்றி மாட்டுவது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழகியதுதான். கிராங்க் முனையின் சரிவில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சோலனாய்டைப் பற்றித்தான்: சாவி தரும் சிறு மின்சாரத்தில் இயங்கி, பேட்டரியின் பெரிய மின்சாரத்தை ஸ்டார்ட்டருக்கு விடும் சுவிட்ச் அது.

பழைய சோலனாய்டு துருவில் கரைந்திருந்தது. புதிதாக வாங்கியதில் இரண்டு பெரிய போல்ட், இரண்டு சிறிய போல்ட், கறுப்பு மூடி. பழையதன் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். "காருக்கும் படகுக்கும் எல்லாம் ஒன்றுதான்" என்றார் விற்றவர். பழைய மோட்டாரில் இருந்தபடியே வயர் கொடுத்தேன்: ஒரு சிறிய போல்ட்டுக்குச் சாவியிலிருந்து வரும் வயர், இன்னொரு சிறிய போல்ட்டிலிருந்து நியூட்ரல் சுவிட்ச் வழியாக எர்த் (பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த எஞ்சின் உடல்). நியூட்ரலில் மட்டும் அந்தச் சுவிட்ச் சேரும், கியரில் பிரியும். சோலனாய்டின் காயிலுக்கு எர்த் கிடைக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

நியூட்ரலில் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, கூடவே நியூட்ரல் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயர் புகைந்தது. சாவியை விடுவதற்குள் மேலுறை உருகிக் கம்பி தெரிந்தது. ஃபியூஸைப் பார்த்தேன், அப்படியே இருந்தது. வயர் எங்கோ பாடியில் உரசுகிறது என்று நினைத்துப் புதிய வயர் போட்டேன். மறுபடி புகை. பிறகு ஒரு சந்தேகத்தில் கியரைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், புகையே இல்லாமல் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றுகிறது! சுற்றக் கூடாத இடத்தில் சுற்றுகிறது, சுற்ற வேண்டிய இடத்தில் வயரை எரிக்கிறது. இரண்டு நாள் நியூட்ரல் சுவிட்சைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கழற்றிச் சோதித்தால் சுவிட்ச் தங்கம்.

மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்துச் சோலனாய்டை அளந்தபோதுதான் விளங்கியது. எனக்கு வேண்டிய வகையில் காயிலின் இரு முனைகளும் இரண்டு சிறிய போல்ட்டுகளில் இருக்கும். அவற்றுக்கு இடையே சில ஓம் காட்டும், உலோகக் கூட்டோடு எதற்கும் தொடர்பு இராது. வாங்கியதில் சிறிய போல்ட்டுகளுக்கு இடையே தொடர்பே இல்லை. ஒரு சிறிய போல்ட்டுக்கும் கூட்டுக்கும் இடையே நான்கு ஓம். அதாவது காயில் தன் எர்த்தைத் தாங்கி வழியாக நேரே எஞ்சினிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நியூட்ரல் சுவிட்ச் சேர்ந்தாலும் பிரிந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

அப்படியானால் இன்னொரு சிறிய போல்ட் எதற்கு? சில பழைய கார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மட்டும் இக்னிஷன் காயிலுக்கு முழு 12 வோல்ட் கொடுக்க வைத்த முனை அது. உள்ளே செம்புத் தட்டு நகர்ந்து பெரிய போல்ட்டுகளை இணைக்கும்போது இந்த முனையையும் தொடும். அதைத்தான் நான் நியூட்ரல் சுவிட்ச் வழியாக எர்த்தில் கட்டியிருந்தேன். பேட்டரி மின்சாரம் பெரிய போல்ட்டிலிருந்து செம்புத் தட்டுக்கு வந்து, மெல்லிய வயர் வழியாக எர்த்துக்குப் பாய்ந்திருக்கிறது. என் ஃபியூஸ் சாவிக்குப் போகும் வயரில் இருக்கிறது; இந்தப் பாதையில் அது இல்லவே இல்லை. அதனால்தான் வயர் எரிந்தபோதும் ஃபியூஸ் போகவில்லை.

சோலனாய்டு வாங்கப் போகும்போது மல்ட்டிமீட்டரைக் கையில் கொண்டுபோங்கள். அரை நிமிட வேலை. சிறிய போல்ட் இரண்டுக்கும் இடையே ஓம் காட்டி, கூட்டோடு ஒன்றும் காட்டாவிட்டால் மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்துவிட்டு, கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். நியூட்ரலில் கிளம்புகிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். கியரில் மறுக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. துறையில் கட்டிய படகு சாவியைத் திருப்பியதும் பாய்ந்தால் நிற்பவர் தண்ணீரில் விழுவார்.

சரியான சோலனாய்டு வந்த பிறகும் ஸ்டார்ட்டர் சோம்பலாகத்தான் சுற்றியது. சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.6 வோல்ட், ஸ்டார்ட்டரில் 9.1. ஒன்றரை வோல்ட் எங்கே போனது? பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்ததும் 1.1 வோல்ட் நின்றது. தாங்கிக்கு அடியில் நானே அழகாக அடித்த பெயின்ட்! உப்புத்தாளால் வெள்ளி மின்னும் வரை தேய்த்து, எர்த் கேபிளை அதே போல்ட்டில் இறுக்கினேன். இழப்பு 0.2க்கு இறங்கியது.

நிறுத்தும் சுவிட்ச் விஷயத்தில் நான் ஆரம்பத்திலிருந்தே கவனமாக இருந்தேன். மேக்னெட்டோவை (பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் அமைப்பு) நிறுத்தத் தொடர்பைப் பிரிக்கக் கூடாது, எர்த்தோடு சேர்க்க வேண்டும். கார் சாவி சுவிட்சைப் போட்டால் அணைத்தாலும் எஞ்சின் ஓடும். போதாததற்கு மேக்னெட்டோ காயிலுக்குள் 12 வோல்ட் போய் அதைப் பொசுக்கிவிடும். இந்த மோட்டாரில் காயில் இரண்டு, பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் இரண்டு. இரண்டு வயர்களையும் நிரந்தரமாக ஒரே முனையில் முறுக்கினால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது, ஏனென்றால் ஒரு பாயிண்ட் திறக்கும்போது மற்றது மூடி எர்த்தில் இருக்கும். அந்தக் குணத்தையே பயன்படுத்தி, சாவியை அணைத்ததும் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று இணைத்து எஞ்சினை நிறுத்துவது பழைய முறை. சாவிக்கு அதையே வைத்திருக்கிறேன். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்த இடுப்பில் மாட்டும் கயிற்றுச் சுவிட்சுக்கு மட்டும் அதை நம்ப மனம் வரவில்லை. ஒரு பாயிண்ட்டில் அழுக்குப் படிந்து சரியாகச் சேராவிட்டால் மற்ற சிலிண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கயிற்றை உருவியதும் இரண்டு காயில்களையும் தனித்தனியாக எர்த்தில் சேர்க்கும் இரட்டைத் தொடர்புச் சுவிட்ச் வாங்கியிருக்கிறேன். மேசையில் மீட்டரோடு சோதித்தாகிவிட்டது. படகில் இன்னும் ஏறவில்லை, தாங்கித் தகடு வெட்ட வேண்டும்.

அதற்குள் மனம் சார்ஜிங்கிற்குப் போய்விட்டது. இப்போது பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்துதான் சார்ஜ் செய்கிறேன். இறுகிப்போன மோட்டாரில் ஜெனரேட்டரும் இருக்கிறது. அதன் பெல்ட் புல்லி என் ஃபிளைவீலோடு நேர்கோட்டில் வருகிறதா என்று நேற்றிரவே அளவெடுத்துவிட்டேன். இரண்டு மில்லிமீட்டர் விலகுகிறது. வாஷர் வைத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றுகிறது. தகட்டை வெட்டிய பிறகு அதைத் தொடுகிறேன்.