ரத்தம் ஓடாத இதயத்தில் அழற்சியைத் தேடினேன்

விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடமிருந்து வந்த கடிதத்தில் இருபது கேள்விகள் இருந்தன. பத்தொன்பதுக்கு அன்றிரவே பதில் எழுதிவிடலாம். மிச்சமிருந்த ஒன்றுதான் தூக்கத்தைக் கெடுத்தது. “விண்ணப்பதாரர் பயன்படுத்தப்போகும் இதயத்தில் உப்புக் கரைசல் மட்டுமே ஓடும், ரத்தம் ஓடாது. அப்படியானால் வெள்ளையணுக்கள் எங்கிருந்து வரும்? எந்த அழற்சியை அளக்கப்போகிறார்?”

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் உண்டாகும் அழற்சியைக் கோல்சிசின் மருந்து தணிக்குமா என்பதுதான் என் தலைப்பு. எட்டு மாதமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வெளிநாட்டு ஆய்வகங்களில் விலங்கு ஆய்வுக்கு விண்ணப்பிக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

கோல்சிசின் எனக்குப் புதிதில்லை. என் ஊர் மூலனூர்ப் பக்கம். அப்பா கண்வலிக்கிழங்கு போட்டிருந்தார். கம்பிப் பந்தலில் கொடி ஏற்றி, பூ விரிந்ததும் விடிகாலையில் ஒவ்வொரு பூவாக மகரந்தம் தொட்டு வைப்பார்கள். விதைதான் விலைபோகும், ஏனென்றால் அதில்தான் கோல்சிசின் எடுக்கிறார்கள். கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். தோட்டத்திலிருந்து வந்தால் கை கழுவாமல் சோற்றுத் தட்டைத் தொட அம்மா விடமாட்டார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. டர்பன் இருக்கும் இந்தக் குவாசுலு நட்டால் மாகாணத்திலும் அது தானாக முளைக்கும். வந்த முதல் கோடையில் ஒரு பாதையோரப் புதரில் தீக்கொழுந்துபோல அந்தப் பூவைப் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டேன்.

கீல்வாதத்துக்குக் கொடுத்துவந்த இந்தப் பழைய மருந்து இதயத்துக்கு வந்த கதை அண்மையது. மாரடைப்பில் அடைப்பை நீக்கி ரத்தத்தைத் திரும்ப ஓடவிட்டதும், செத்த தசையைச் சுத்தம் செய்ய முதலில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக ஓடிவரும். பிறகு கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் வரும், அதன்பின் தழும்பு கட்டும். வந்த நியூட்ரோபில்கள் பக்கத்தில் பிழைத்துக்கிடக்கும் தசையையும் சேர்த்தே சேதப்படுத்துகின்றன. அவற்றின் நடமாட்டத்தைக் கோல்சிசின் மந்தமாக்கும். 2019இல் வெளிவந்த கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இருந்த 4,745 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.1 சதவீதம், கோல்சிசின் சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம். அந்த ஆய்வை வாசித்துவிட்டுத்தான் நான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது லாங்கென்டார்ஃப் முறை. 1895இல் ஆஸ்கர் லாங்கென்டார்ஃப் வெளியிட்டது, இன்றுவரை மருந்தியல் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மயக்க நிலையில் எலியின் இதயத்தை எடுத்து, பனிக்குளிர்ந்த கரைசலில் போட்டு, மகாதமனியைக் கண்ணாடிக் குழாயில் மாட்டி நூலால் கட்டவேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடித்தால் நல்லது. 37 டிகிரி சூட்டில் கரைசலைத் திறந்துவிட்டால், ஒரு கிராம் எடையை ஒட்டிய அந்தச் சின்ன இதயம் ஒருமுறை துடிக்கும், தயங்கும், பிறகு தாளம் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. ஒரே ஒரு காற்றுக்குமிழி குழாய் வழியே உள்ளே போனாலும் தாளம் கெட்டுவிடும்.

கரைசலே ஒரு பாடம். கிரெப்ஸ் ஹென்ஸலைட் என்று பெயர். உப்புகளைக் கரைத்து, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த வாயுவை நன்றாகக் குமிழவிட்ட பிறகே கால்சியம் சேர்க்கவேண்டும். ஒருநாள் அவசரத்தில் வாயுவைத் திறக்குமுன்பே கால்சியத்தை ஊற்றிவிட்டேன். பளிங்குபோல இருந்த கரைசல் கண்ணெதிரே அரிசி கழுவிய தண்ணீராக மாறியது. கார அமிலச் சமநிலை சரியாவதற்கு முன் சேர்த்தால் கால்சியம் வெண்துகளாகப் பிரிந்துவிடும், அது இதயத்தின் நுண்குழாய்களை அடைக்கும். இரண்டு லிட்டரையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இன்றும் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இந்த முறை அழகானது, நம்பகமானது. ஆனால் என் கேள்விக்கு அது பொருந்தாது. வெளியிலிருந்து படையெடுத்து வரும் அணுக்கள்தான் என் ஆய்வுப்பொருள். அவை வரும் வழியையே நான் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிந்துபோகும் பரிசோதனையில் அவற்றைத் தேடக் கிளம்பியிருந்தேன். இதயத்திலேயே குடியிருக்கும் சில அணுக்கள் அங்கே இருக்கும்தான். ஆனால் நியூட்ரோபில் வெள்ளம் கரைபுரள ஒரு நாளாவது ஆகும், தழும்பு கட்ட வாரங்கள் பிடிக்கும்.

மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, “இது நான் பிடித்திருக்கவேண்டிய பிழை” என்று தன்மேல் எடுத்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை மறக்கமாட்டேன். உயிரோடு இருக்கும் எலியில் ரத்தக்குழாயை 30 நிமிடம் கட்டி, அவிழ்த்து, நாள்கணக்கில் பேணி, பிறகு பார்ப்பது என்று திட்டத்தை மாற்றினோம். மாற்றியதும் வேலை மூன்று மடங்கானது. விழித்தெழப்போகும் விலங்கு என்றால் வலி உண்டு, அந்த வலிக்கு நாம்தான் பொறுப்பு.

வலிநிவாரணி விஷயத்தில் இரண்டாவது அடி விழுந்தது. ஆய்வகத்தில் வழக்கமாகக் கொடுக்கும் மெலாக்சிகாமை எழுதியிருந்தேன். குழுவிலிருந்த கால்நடை மருத்துவர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, “அழற்சியைக் குறைக்கும் மாத்திரையை எல்லா எலிக்கும் கொடுத்துவிட்டு, அழற்சி குறைந்ததா என்று எப்படிப் பார்ப்பாய்?” என்று கேட்டார். வலிநிவாரணியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்லவும் மாட்டார். அழற்சியைக் குறிவைக்காத வலிநிவாரணியான புப்ரெனார்ஃபினுக்கு மாற்றச் சொன்னார். மார்பைத் திறப்பதே அழற்சியைக் கிளப்பும் என்பதால், குழாயைக் கட்டாமல் திறந்து மூடும் ஒரு குழுவும் வேண்டும் என்றார். எத்தனை எலி, ஏன் அத்தனை, அதைவிடக் குறைத்தால் என்ன என்பதற்குப் புள்ளியியல் துறையில் ஒருவரோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். எலி எந்த நிலைக்குப் போனால் பரிசோதனையை நிறுத்தி அதற்கு வலியில்லா முடிவு கொடுப்போம் என்பதற்கு ஒரு மதிப்பெண் தாள். முதுகு வளைவு, கண்ணோரச் சிவப்பு, மூச்சு, நடமாட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் எண். இந்தத் தாளை யாரோ கேட்கிறார்கள் என்பதற்காக நிரப்பாதீர்கள். இரவு பதினொரு மணிக்குத் தனியாக ஒரு கூண்டின் முன் நிற்கும்போது கைகொடுப்பது அது ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகக் குழு சம்மதித்தால் மட்டும் போதாது. விலங்குகளைப் பேணுவதற்கு எஸ்ஏஎன்எஸ் 10386 என்ற தேசியத் தரவரையறை இருக்கிறது. கால்நடை மருத்துவர் அல்லாத என்னைப் போன்றவர் கத்தி பிடிக்கவேண்டுமென்றால் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவில் வேளாண் துறை அனுமதி தனி. ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் தொடலாம் என்று நான் காத்திருந்தது தவறு. சேர்த்தே தயாரித்து வைத்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும். ஒரு அலுவலகத்தில் என் கோப்பு ஏழு வாரம் யார் மேசையிலும் இல்லாமல் கிடந்தது. பிறகு வாரம் தவறாமல் திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினேன்.

காத்திருந்த மாதங்களில் வீட்டுக்கார ஆயா எனக்குப் பெரிய துணை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அவர்கள் வீட்டின் பின்னறையில்தான் குடியிருந்தேன். முன்னோர் மதராஸ் பக்கமிருந்து கரும்புக்காட்டுக்கு வந்தவர்கள். 1860 நவம்பர் 16இல் முதல் கப்பல் வந்ததைச் சொல்லும்போது ஆயாவின் குரல் மாறும். தமிழ் கொஞ்சம்தான் பேசுவார், ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் பாட்டு முழுசாக வரும். அவர் கணவருக்கு 47 வயதில் முதல் மாரடைப்பு. அந்தத் தெருவில் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் இப்படி உண்டு. இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரையும் இளம்வயது மாரடைப்பும் அதிகம் என்பது இங்கே எல்லா மருத்துவருக்கும் தெரிந்த சேதி.

ஒருநாள் நான் ஆய்வைப் பற்றிச் சொல்லக் கேட்டுக்கொண்டே கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவர், “கண்ணு, ஒங்க எலிக்கு சுகர் இருக்கா?” என்றார். இல்லை ஆயா, இளசு, நல்ல ஆரோக்கியம் என்றேன். “அப்பொ எங்க ஆளுக்கு எப்பிடி சரிவரும்?” என்று கேட்டார். நெறிமுறைக் குழுவின் கேள்விக்குச் சமமான கேள்வி அது. இதயத்தைக் காக்கும் என்று விலங்குகளில் நிரூபித்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படி ஒன்றான சைக்ளோஸ்போரினை 970 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது, பலன் இல்லை. நோயாளிக்கு வயது, சர்க்கரை, கொழுப்பு, ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை எல்லாம் உண்டு. ஆயாவின் பேச்சுக்குப் பிறகு, சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளை இரண்டாம் கட்டமாகத் திட்டத்தில் சேர்த்தேன்.

மருந்தை எப்போது கொடுப்பது என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் குழாயைக் கட்டினால் முடிவு அழகாக வரக்கூடும். ஆனால் நெஞ்சுவலி வருமென்று தெரிந்து எந்த மனிதரும் முந்தினநாள் மாத்திரை போடுவதில்லை. கட்டை அவிழ்த்த பிறகே கோல்சிசின் என்று எழுதினேன். அழற்சியை முழுக்க அமுக்குவதும் ஆபத்து. 1970களில் மாரடைப்பு நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்ததில் சேதப்பகுதி பெரிதானது. புண் ஆறவும் அழற்சி வேண்டும். இந்த ஆப்பிரிக்க மண்ணிலேயே இதய மருத்துவர் போங்கானி மயோசி தலைமையில் 1,400 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. காசநோயால் வரும் இதய உறை அழற்சிக்கு அதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் கொடுத்ததில் உறை இறுகிப்போவது குறைந்தது, மரணம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்பு குறையவில்லை, எச்ஐவி சார்ந்த புற்றுநோய் கூடியது. கோல்சிசினுக்கும் 2024இல் சோதனை வந்தது. 7,062 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த கிளியர் சினர்ஜி ஆய்வில் பாதிப்பு வந்தவர்கள் கோல்சிசின் சாப்பிட்டவர்களில் 9.1, போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். அதை வாசித்த அன்று மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் ஒரு ஆய்வில் பலித்து மற்றொன்றில் பலிக்காதது ஏன் என்று தேட இப்போதுதான் கூடுதல் காரணம் இருக்கிறது.

எல்லா அனுமதியும் கைக்கு வந்தபோது 2023. மின்பற்றாக்குறையால் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த ஆண்டு. ஆறாம் கட்டம் என்று அறிவித்துவிட்டால் ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போகும். ஜெனரேட்டர் பிடிக்குமுன் சில நொடி இடைவெளி. அந்த நொடிகளில் சுவாசக் கருவி நின்றால் எலி பிழைக்காது. பயிற்சிக் காலத்தில் அப்படி ஒன்றை இழந்தோம். அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. அதன்பிறகு பேட்டரியில் ஓடும் யூபிஎஸ் வாங்கும்வரை அறுவையைத் தொடவேமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாங்கித்தந்தார்கள். கால அட்டவணையைப் பார்த்து அதிகாலையில் தொடங்குவதும் பழகிவிட்டது.

முதல் முழு அறுவை ஆகஸ்டில். கோல்சிசின் வெளிச்சத்தில் கெடும் என்பதால் குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்தோம். எதில் மருந்து, எதில் வெறும் உப்புநீர் என்பது எனக்குத் தெரியாது. தோழி ஒருத்தி எண் மட்டும் ஒட்டிவிட்டு விவரத்தைப் பூட்டி வைத்திருந்தாள். விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, இடது மேலறையின் ஓரத்துக்குக் கீழே மெல்லிய பட்டுநூலைச் செலுத்தினேன். முடிச்சுக்கு அடியில் ஒரு துண்டுக் குழாயை வைத்து இறுக்கியதும், அதுவரை சிவந்திருந்த தசை வெளிறி, பிறகு நீலம் பாய்ந்தது. திரையில் இசிஜி கோடு மேலெழுந்தது. முப்பது நிமிடம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயை உருவி முடிச்சைத் தளர்த்திய கணத்தில், நுனியிலிருந்து சிவப்பு பரவி மேலே ஏறியது. ஏழாம் எண் குப்பியை எடுத்து ஊசி போட்டேன், மார்பை மூடினேன்.

பகல் ஒரு மணிக்குச் சுவாசக் குழாயை எடுத்தோம். சூட்டு விரிப்பின்மேல் அது பக்கவாட்டில் கிடந்தது. முதலில் மீசை அசைந்தது. அரை மணி கழித்து முன்னங்கால்களை இழுத்து நிமிர்ந்தது. ஊறவைத்த தீனியை ஒரு மூடியில் வைத்துக் கூண்டின் ஓரத்தில் தள்ளிவிட்டு, மதிப்பெண் தாளோடு எதிரில் உட்கார்ந்தேன். கால்நடைச் செவிலியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பேசவில்லை. நாலு மணி நாற்பதுக்கு அது நகர்ந்து வந்து மூடியில் வாய் வைத்தது. “தானாக உணவு எடுத்தது” என்று எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.