எஃப்1 அழுத்தினால் உதவி வரும் என்று நம்பியிருந்தேன்

அறிக்கை, கடிதம் எழுத உதவும் இலவச மென்பொருளான லிப்ரெஆபீஸ் ரைட்டர் வைத்திருப்பவர்கள், இணைய இணைப்பை அணைத்துவிட்டு இப்போதே ஒருமுறை உதவிக்கான எஃப்1 விசையை அழுத்திப் பாருங்கள். உதவிப் பக்கம் திறந்தால் நிம்மதி. திறக்கவில்லை என்றால், அவசரம் வருவதற்குள் சரிசெய்துவிடுங்கள். எனக்கு அது அவசரத்தின் நடுவில்தான் தெரியவந்தது, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் காலை கொடுக்க வேண்டிய அறிக்கை. எழுத்து வேலை முடிந்துவிட்டது. முன்னுரைக்கும் பொருளடக்கத்துக்கும் ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்று பக்க எண் போடுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இணையம் போய்விட்டது. சரி, மென்பொருளுக்குள்ளேயே உதவி இருக்குமே என்று எஃப்1 அழுத்தினேன். கணினியில் ஒலி நின்றது, அவ்வளவுதான். பல மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகள் ஒலி, திரை வெளிச்சம் என்று வேறு வேலை பார்க்கின்றன. எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் அது எஃப்1. ஹெல்ப் மெனுவிலிருந்தும் போகலாம், அதுதான் சுலபம்.

அப்படிப் போனதும் ஒரு செய்தி வந்தது: உதவி இந்தக் கணினியில் நிறுவப்படவில்லை, இணையத்தில் படித்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமல்தானே இங்கே வந்தேன்! விண்டோஸிலும் மேக்கிலும் லிப்ரெஆபீஸின் உதவி தனிக் கோப்பு. பதிவிறக்கப் பக்கத்தில் முக்கிய நிறுவிக்குக் கீழே தனியாக இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு நிறுவித் தந்தவரும் அதை விட்டுவிட்டார். தொலைபேசியில் கூப்பிட்டால், "நெட்ல தேடிப் பாருங்க சார், எல்லாம் இருக்கு" என்றார். நெட் இல்லை என்று சொன்ன பிறகும் அதே பதில்.

அப்புறம் கெஞ்சிக் கேட்டதில், பென் டிரைவில் ஓர் உதவிக் கோப்பைக் கொடுத்தனுப்பினார். அது வேறு பதிப்புக்கானது, ஒன்றுக்கும் ஆகவில்லை. உங்கள் மென்பொருளின் பதிப்பு எண்ணும் உதவிக் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹெல்ப் மெனுவின் கடைசியில் உள்ள அபவுட்டில் எண் இருக்கிறது. கோப்பு கேட்பதற்கு முன் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பை மாற்றும்போது உதவியையும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.

காத்திருந்த நேரத்தில் ஹெல்ப் மெனுவை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அங்கே இரண்டு நல்ல விஷயங்கள் கிடைத்தன. உதவிக் கோப்பு இல்லாமலே இரண்டும் எனக்கு வேலை செய்தன.

ஒன்று, சர்ச் கமாண்ட்ஸ். ஷிஃப்ட் பிடித்து எஸ்கேப் அழுத்தினாலும் வரும். 2021இல் வந்த 7.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் கட்டளைகளையும், எந்த மெனுவுக்குள் இருக்கின்றன என்பதையும் காட்டும். எண்டர் அழுத்தினால் கட்டளையே ஓடும். 'பிரேக்' என்று தட்டியதும், நாம் விரும்பிய இடத்தில் பக்கத்தை முறித்துப் புதுப் பக்கம் தொடங்கும் மேனுவல் பிரேக் கட்டளை வந்து நின்றது. அன்றிரவு முதல்முறையாக மூச்சு விட்டேன்.

இன்னொன்று, வாட்ஸ் திஸ். ஷிஃப்ட்டுடன் எஃப்1 அழுத்தினால் சுட்டி கேள்விக்குறியாக மாறும். அதை எந்தப் பொத்தான் மேல் கொண்டுபோனாலும் அது என்ன செய்யும் என்று விளக்கம் வரும். மேனுவல் பிரேக் பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் இப்படித்தான் புரிந்துகொண்டேன்: பக்க முறிப்பு, அடுத்து எந்தப் பக்கப் பாணி (பேஜ் ஸ்டைல், அதாவது பக்கத்தின் அமைப்பும் எண் முறையும் சேர்ந்த தொகுப்பு) வேண்டும், பக்க எண்ணை மாற்று, எந்த எண்ணிலிருந்து.

இணையம் நள்ளிரவில்தான் திரும்பி வந்தது. சரியான கோப்பை நானே இறக்கி நிறுவினேன். உதவி உலாவியில்தான் திறக்கிறது. ஆனால் பக்கங்கள் நம் கணினிக்குள்ளேயே இருப்பதால் இணையம் தேவையில்லை. உலாவியைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள்.

இடப்பக்கத் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால், சொல்லடைவில் இருக்கும் தலைப்புகளை மட்டும் சலித்துக் காட்டுகிறது. முழு வாக்கியமாகக் கேட்டால் ஒன்றும் வராது. வேர்டில் பழகியவர்கள் இந்த வேலைக்கு 'செக்‌ஷன்' என்று தேடத் தோன்றும். ரைட்டரில் செக்‌ஷன் என்பது பத்திகளைப் பிரித்துப் பூட்டுவது, நெடுவரிசை போடுவது போன்ற வேறு வேலைகளுக்கு. இங்கே எண் முறையைத் தாங்கி நிற்பது பக்கப் பாணி. 'பேஜ் நம்பர்ஸ்' என்று தட்டியதும் விஷயம் கிடைத்துவிட்டது. முன்பகுதிக்குத் தனிப் பக்கப் பாணி, அதன் பேஜ் தாவலில் ரோமன் எண். அத்தியாயம் தொடங்கும் இடத்தில் மேனுவல் பிரேக், இயல்பான பக்கப் பாணி, எண் 1. செய்து முடிக்கச் சில நிமிடங்களே ஆயின.

தேடவே பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: எந்தப் பெட்டி திறந்திருக்கிறதோ அதிலேயே கீழே உள்ள ஹெல்ப் பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பெட்டிக்கான பக்கத்துக்கே நேராகக் கொண்டுபோகும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

மற்ற மென்பொருட்களிலும் இதேபோல வழி உண்டு. இப்போதைய வேர்டில் ஆல்ட்டுடன் க்யூ அழுத்தினால் மேலே தேடல் பெட்டிக்குப் போகலாம், அங்கிருந்தே கட்டளையை இயக்கலாம். கூகுள் டாக்ஸில் ஆல்ட்டுடன் சாய்கோடு மெனுக்களைத் தேடும்.

பிடிஎஃப் ஆக்கியபோது நடுவே ஒரு வெற்றுப் பக்கம் முளைத்து மறுபடி பதறவைத்தது. ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கத்தில்தான் வரும் என்பதால், தேவைப்பட்டால் ரைட்டர் தானே ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்க்கும். பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது. அந்தப் பெட்டியின் ஹெல்ப் பொத்தானில்தான் அதையும் கண்டுபிடித்தேன்.