கடல் வரைபடத்துக் குறியீடுகளும் நானும்

சிங்கப்பூரில் மோட்டார் படகு உரிமத்துக்குப் படித்தபோது, எந்தப் படகு எதற்கு வழிவிட வேண்டும் என்ற விதிகளைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிட்டேன். படாத பாடு படுத்தியது வரைபடத்தில் இருக்கும் மிதவை, விளக்குக் குறியீடுகள்தான். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எனக்குப் பிடிபட்ட விதத்தை எழுதி வைக்கிறேன்.

பிரிட்டிஷ் அட்மிரல்டி வெளியிடும் குறியீட்டுத் தொகுப்புக்கு 5011 என்று எண். பேச்சில் சார்ட் (கடல் வரைபடம்) என்பார்கள், கையில் எடுத்தால் புத்தகம். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், தூக்கம் வரும். ஒரு நிஜ சார்ட்டை விரித்து, கரையிலிருந்து ஒரு தீவுக்குப் பென்சிலால் கோடு போட்டு, வழியில் எதிர்ப்படும் குறியை மட்டும் அதில் தேடிப் பாருங்கள். நான் தெற்குத் தீவுகள் பக்கம் கோடு போட்டுப் பழகினேன். நாலைந்து கோடுகளிலேயே தேர்வுக்கு வேண்டியது பெரும்பாலும் வந்துவிடுகிறது.

பயிற்சி வகுப்பில் இழுவைக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, படத்த அப்புறம் பாக்கலாம். அடியில இருக்கற சின்ன வட்டத்த மொதல்ல பாருங்க" என்றார். மிதவையின் படம் சார்ட்டில் பெரிதாக இருக்கும், ஆனால் மிதவை நிற்கும் இடம் அதன் அடிக்கோட்டில் உள்ள அந்தக் குட்டி வட்டம்தான். தூரத்தை அளப்பது அங்கிருந்துதான். அப்புறம் இன்னொன்று காட்டினார்: படம் சாய்ந்திருந்தால் மிதவை, நேராக நின்றால் தரையில் ஊன்றிய கம்பம். மிதவை சங்கிலியில் ஆடும், புயலில் நங்கூரத்தோடு நகர்ந்தும் போகும். அதனால் நாம் இருக்கும் இடத்தைக் கணிக்க மிதவையை நம்பக் கூடாது. கம்பத்தை நம்பலாம்.

சிவப்பு, பச்சை மிதவை விஷயம் சுலபம்தான், யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்க்காத வரைக்கும். உலகம் இதில் ஏ, பி என்று இரண்டு வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது, 1980இல் முடிவானது. நாம் இருப்பது ஏ வட்டாரம்: துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு இடது கைப்பக்கம், பச்சை வலது. இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் இப்படியே. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை பி வட்டாரம், அங்கே அப்படியே தலைகீழ். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதும் பக்கம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். நீரிணையில் எது உள்ளே, எது வெளியே என்று குழப்பம் வருமே என்றால், அதற்கும் சார்ட்டிலேயே இரண்டு சிறு வட்டங்களோடு ஓர் அகன்ற அம்புக்குறி இருக்கிறது. அம்பு காட்டும் திசையில் போவதுதான் 'உள்ளே'.

எனக்கு நிறைய நேரம் பிடித்தது திசைக்குறி மிதவைகள். கறுப்பும் மஞ்சளும் பூசி, தலையில் இரண்டு கறுப்புக் கூம்புகளோடு நிற்பவை. வடக்கு மிதவை ஆபத்துக்கு (பாறை, மணல்மேடு மாதிரி) வடக்கே நிற்கிறது, நாமும் அதற்கு வடக்கே ஒதுங்கிப் போக வேண்டும். வடக்குக்கு இரண்டு கூம்பும் மேல்நோக்கி, தெற்குக்கு இரண்டும் கீழ்நோக்கி. கிழக்கில் முனைகள் ஒன்றுக்கொன்று விலகி மேலும் கீழும் நோக்கும். மேற்கில் இரண்டு முனையும் நடுவில் சந்திக்கும், உடுக்கை மாதிரி. கூம்பின் முனை எங்கே காட்டுகிறதோ அங்கேதான் கறுப்பு என்று தெரிந்துகொண்டால் நிறத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிழக்குக்கு மேலும் கீழும் கறுப்பு, நடுவில் மஞ்சள். சார்ட்டில் படத்துக்குக் கீழே 'பி ஒய் பி' என்று இருக்கும், மேலிருந்து கீழாக நிறங்களின் முதலெழுத்து.

இரவில் இவற்றின் வெள்ளை விளக்கு கடிகார முகத்தைப் பின்பற்றும். கிழக்கு 3 மின்னல், தெற்கு 6, மேற்கு 9, வடக்கு நிறுத்தாமல் மின்னிக்கொண்டே இருக்கும். தெற்கில் 6 முடிந்ததும் நீளமாக ஒரு மின்னல் உண்டு. ஆடும் படகில் 6ஐயும் 9ஐயும் எண்ணிப் பாருங்கள், அது எதற்கு என்று புரிந்துவிடும்.

விளக்கு இருக்கும் இடத்தில் மெஜந்தா நிறத்தில் ஒரு கண்ணீர்த்துளி இருக்கும். பக்கத்திலேயே 'எஃப்எல்(3) 10எஸ் 25எம் 15எம்' என்பதுபோல் ஒரு வரி. மூன்று மூன்றாக மின்னும், ஒரு சுற்றுக்கு 10 விநாடி. முதல் 'எம்' சின்ன எழுத்து, விளக்கின் உயரம் மீட்டரில். அடுத்தது பெரிய எழுத்து, வெளிச்சம் எட்டும் தூரம் கடல் மைலில். பார்வைத் தெளிவு 10 கடல் மைல் இருக்கும் இரவுக்கான கணக்கு அது, மழையில் செல்லாது. விளக்கின் சிவப்பு, பச்சைப் பகுதிகளுக்குக் கொடுத்திருக்கும் கோணங்களோ கடலில் இருந்து விளக்கைப் பார்க்கும் கோணங்கள். பயிற்சிக் கேள்விகளில் வகுப்பில் பாதிப் பேரைக் கவிழ்த்தது இதுதான்.

எண்ணிப் பழக நான் போனது பெடோக் பக்கக் கடற்கரைக்கு. அங்கே கலங்கரை விளக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூரையில் இருக்கிறது, 1978இலிருந்து. சுற்றிலும் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளும் நகரத்து வெளிச்சமும் இருப்பதால் கண் தடுமாறும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, ஒரு சுற்றின் முதல் மின்னலிலிருந்து அடுத்த சுற்றின் முதல் மின்னல் வரை அளந்தால்தான் சரிவரும்.

தேர்வு? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான், தேறிவிட்டேன்.

அதன் பிறகு எல்லாரையும்போல நானும் கைப்பேசிச் செயலிக்கு மாறினேன். அதில் குறியீடுகள் எளிமையாக்கப்பட்டிருக்கும், காகிதத்தில் பழகிய படம் அப்படியே வராது. அமைப்புகளுக்குப் போனால் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பல செயலிகளில் உண்டு, நான் முதலில் செய்தது அதுதான். பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் மிதவையும் கடலடி மேடும் திரையிலிருந்தே மறைந்துவிடும். 2014இல் வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியின் 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளத்திட்டில் ஏறி நொறுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் இருந்தவர்கள் கைதேர்ந்த மாலுமிகள். அதனால் கிளம்புவதற்கு முன்னால் போகிற வழி முழுவதையும் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிடுவேன். காகித சார்ட் எடுத்துப் போனால் இடது கீழ் ஓரத்தைப் பாருங்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று அங்கே எழுதியிருக்கும்.