இறந்தோர் நாளுக்கு மெக்சிகோ: எந்த ஊர், எந்த இரவு

மெக்சிகோவின் இறந்தோர் நாளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். மெக்சிகோ நகரம், வஹாக்கா, பாட்ஸ்குவாரோ ஏரி மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிடத் திட்டம் போடுகிறார்கள். முடியாது. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்விழிக்கும் இரவு எந்த ஊரிலும் அக்டோபர் 31, நவம்பர் 1, நவம்பர் 2 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மெக்சிகோ நகரத்திலிருந்து வஹாக்கா சாலை வழியே சுமார் 460 கிலோமீட்டர். பாட்ஸ்குவாரோ வேறு திசையில் சுமார் 360. இரண்டையும் கோக்க நினைத்தால் ஒரு முழுப் பகல் பேருந்திலேயே போய்விடும். அதனால் முதலில் ஊரை முடிவு செய்யுங்கள், விமானச் சீட்டு அப்புறம்.

இறந்தவர்களின் ஆன்மா வீடு தேடி வந்துபோகும் நாட்களின் பொதுவான கணக்கு இது. அக்டோபர் 28 விபத்திலோ வன்முறையிலோ மாண்டவர்களுக்கு. இறந்த குழந்தைகள் 31 இரவில் வருகிறார்கள். அவர்களுக்கு 'ஆங்ஹெலித்தோஸ்', குட்டித் தேவதைகள் என்று பெயர். நவம்பர் 1 மதியத்துக்குப் பிறகு பெரியவர்கள் வந்து, 2ஆம் தேதி விடைபெறுகிறார்கள். ஊருக்கு ஊர் இது மாறும், ஆகவே தங்கும் விடுதியில் "உங்கள் கல்லறையில் கண்விழிப்பது எந்த இரவு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் 1 அன்று போய் இறங்குகிறவர்களுக்குப் பாதி விழா கிடைக்காது. பூச்சந்தை, படையல் மேடை கட்டுவது, கல்லறையைக் கழுவுவது எல்லாம் அதற்கு முன்பே நடந்துவிடும். 28 அல்லது 29 அன்று போய்ச் சேர்ந்து, 3ஆம் தேதி கிளம்புவது சரியான அளவு.

தலைநகரின் பெரிய ஊர்வலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பிரம்மாண்ட எலும்புக்கூடுகளும் அலங்கார ஊர்திகளும் வரும் அந்த அணிவகுப்பு பழைய சடங்கல்ல. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சிக்காகக் கற்பனையாக எடுக்கப்பட்டதைப் பார்த்து, 2016இல் நகரமே உண்மையில் நடத்தத் தொடங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் தேதி ஆண்டுக்காண்டு மாறும், வழக்கமாக வார இறுதியில் வைப்பார்கள். அதை நம்பி மற்ற நாட்களைத் திட்டமிடாதீர்கள். ரெஃபோர்மா சாலையில் இடம் பிடிக்க இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே நிற்க வேண்டும். நகரத்தின் மையச் சதுக்கமான சோக்கலோவின் மெட்ரோ நிலையத்தை மூடிவிடுவது வழக்கம், அதனால் திரும்பும்போது நாலைந்து தெரு நடக்கத் தயாராக இருங்கள். நகரத்திலேயே நிஜமான கல்லறை இரவு வேண்டுமென்றால் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் மிஸ்கிக். பழைய தேவாலயத்தின் முற்றத்திலேயே கல்லறைகள். நவம்பர் 2 மாலை எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக விளக்கேற்றுவதற்கு 'அலும்பிராதா' என்று பெயர். மெட்ரோ 12ஆம் தடத்தின் கடைசி நிலையமான த்லாவாக்கில் இறங்கிச் சிறு பேருந்து பிடிக்க வேண்டும். அன்று சாலை அடைத்துவிடும். மதியம் இரண்டு மணிக்குள் போய்விட்டால் பிழைத்தீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை வஹாக்கா. காரணம் எளிது: நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் வெவ்வேறு இரவுகளில் கொண்டாடுவதால், ஒரே அறையில் தங்கியபடி மூன்று விதமான விழாவைப் பார்க்கலாம். 31 இரவு ஹோஹோகோட்லான். வரைபடத்தில் Xoxocotlán என்று எக்ஸ் எழுத்தில் தெரியும் இந்த ஊரை உள்ளூர்க்காரர்கள் 'ஹோஹோ' என்றே அழைப்பார்கள். இங்கே இரண்டு கல்லறைத் தோட்டங்கள். புதியது பெரிது, வெளியே ராட்டினமும் தின்பண்டக் கடைகளுமாகத் திருவிழாச் சந்தை. பழையது சிறிது, இடிந்த தேவாலயத்தைச் சுற்றிப் பூவும் மெழுகுவர்த்தி வெளிச்சமும் மட்டும். பலர் புதியதைப் பார்த்து "இவ்வளவு இரைச்சலா?" என்று சலித்துத் திரும்புகிறார்கள், பழையது பக்கத்திலேயே இருப்பது தெரியாமல். அதே இரவு அட்சோம்பாவிலும் கண்விழிப்பு உண்டு. இரண்டையும் ஒரே இரவில் பார்க்க முயன்றால் சாலையில்தான் நிற்பீர்கள். நவம்பர் 1 இரவு எட்லா பக்கம் 'முவெர்த்தெயாதா': பேய், பிசாசு, விதவை, மருத்துவர், பாதிரியார் வேடமிட்டவர்கள் செத்தவனை எழுப்பும் கேலிக்கூத்தை, பித்தளை வாத்தியக் குழுவோடு தெருத்தெருவாக விடியும்வரை ஆடுவார்கள். சான் அகுஸ்தீன் எட்லாவில் உடையில் சதங்கைகளைக் கொத்துக் கொத்தாகத் தைத்திருப்பார்கள். ஆடுகிறவர் வருவதற்கு முன் ஓசை வந்துவிடும். 2ஆம் தேதி நகரத்தின் பொதுக் கல்லறைக்குப் பகலிலேயே போகலாம்.

வஹாக்காவில் சிக்கல் போவதில் இல்லை, திரும்புவதில்தான். ஹோஹோவுக்கு நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் நள்ளிரவில் எல்லோரும் ஒரே சாலையில் வெளியேறுவார்கள், பகிர்வு டாக்சி ஓடாது, கைபேசி அலைவரிசையும் நெரிசலில் திணறும். ஓட்டுநரோடு முன்கூட்டியே பேசி, கல்லறை வாசலில் அல்லாமல் பத்து நிமிட நடைத் தொலைவில் ஏதேனும் ஒரு கடையையோ எரிபொருள் நிலையத்தையோ சந்திக்கும் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அறை பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விடியற்காலையில் வாணவெடி விடுவார்கள் என்பதால் நகர மையத்தில் தங்குகிறவர்களுக்குக் காதடைப்பான் அவசியம்.

பாட்ஸ்குவாரோ வேறு ரகம். மிச்சோவாகான் மாநிலத்துப் புரேபெச்சா மக்களின் விழா அது. குளிர், மூடுபனி, மௌனம். ஹனிட்சியோ தீவின் படம்தான் எல்லா விளம்பரத்திலும் வருகிறது, அதனாலேயே நவம்பர் 1 இரவு அந்தத் தீவு தாங்காது. படகில் சுமார் இருபது நிமிடப் பயணத்துக்கு மணிக்கணக்கில் வரிசை. சிறிய கல்லறையில் கண்விழிக்கும் குடும்பங்களைவிடப் படமெடுக்கிறவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கை போன்ற வலையோடு படகில் நிற்கும் மீனவர்கள் இப்போது பயணிகளுக்காகச் செய்துகாட்டுகிறவர்கள்தான். என்னைக் கேட்டால் கரையோரத்து ஊர்களே மேல்: சின்சுன்சானில் சாலையின் இரண்டு பக்கமும் கல்லறை, ஆரோகுட்டின் போன்ற சிற்றூர்களில் இன்னும் அமைதி. ஏரிப் பகுதி 2,000 மீட்டருக்கு மேல் உயரம். நள்ளிரவுக்குப் பிறகு வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். கம்பளிச் சட்டை, தொப்பி, கெட்டிக் காலுறை இல்லாமல் போகிறவர்கள் பதினோரு மணிக்கே அறை தேடுவார்கள். உருக்கமான நேரமோ அதற்குப் பிறகுதான். இன்னொன்று: பாதுகாப்புக் காரணத்தால் இந்த மாநிலத்துக்குப் போகாதீர்கள் என்று அமெரிக்க அரசு எச்சரித்து வருகிறது. அப்படிப்பட்ட எச்சரிக்கை இருக்கும் இடத்துக்கு உங்கள் பயணக் காப்பீடு செல்லுமா என்று ஒப்பந்தத்தில் படித்துவிட்டுப் போங்கள். சாலைப் பயணம் பகலில் மட்டும், அதுவும் சுங்கச் சாலையில்.

யூகதானில் இதே விழா 'ஹனால் பிஷான்', ஆன்மாக்களின் உணவு. மண்ணுக்குள் குழிதோண்டி வாழையிலையில் சுற்றி வேகவைக்கும் 'பீப்' என்னும் சோளமாவுப் பண்டம் அங்கே பிரதானம். காம்பேச்சே மாநிலத்துப் போமுச்சில் குடும்பத்தார் எலும்புகளை ஆண்டுதோறும் எடுத்துத் துடைத்து, புதிதாகப் பூவேலை செய்த துணி விரித்த பெட்டியில் திரும்ப வைக்கிறார்கள். வேடிக்கை பார்க்கும் மனநிலையில் போகக்கூடாத ஊர்.

படையல் மேடையின் பெயர் 'ஓஃப்ரெந்தா'. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருந்தால் நின்று பார்ப்பீர்கள். தண்ணீர், நெடுந்தூரம் வந்த தாகத்துக்கு. உப்பு, தூய்மைக்கு. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி. ஆரஞ்சு நிறப் பூ செம்பசூசில். நாம் செண்டுமல்லி என்று மாலை கட்டும் அதே பூ. அதன் தாயகம் மெக்சிகோதான், நஹுவா மொழியில் 'இருபது பூ' என்று பொருள். வாசலிலிருந்து மேடைவரை இதழ்களை உதிர்த்துப் பாதை போடுவது, மணத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு இறந்தவர் வழிதவறாமல் வரத்தான், மிதித்துவிடாதீர்கள். பக்கத்தில் கருஞ்சிவப்பாக இருப்பது கோழிக்கொண்டைப் பூ. புகைவது மரப்பிசினான கோபால். பெயர் நமக்குச் சிரிப்பை வரவழைத்தாலும் நம் சாம்பிராணியின் வேலையைத்தான் செய்கிறது. அடைத்த இடத்தில் நெடுநேரம் நின்றால் கண் எரியும், ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். ஆன்மா உண்டுபோன உணவில் மணமும் ருசியும் போய்விடும் என்பது நம்பிக்கை. குடும்பத்தார் எடுத்துக் கொடுக்காமல் மேடையிலிருந்து எதையும் தொடக்கூடாது. கொடுத்தால் மறுக்கவும் கூடாது.

கல்லறைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். வாசலில் ஒரு கட்டுப் பூவும் கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தி ஒன்றும் வாங்கிக்கொண்டு, யாரும் வராத, இருண்டு கிடக்கும் கல்லறையில் வைக்கலாம், அல்லது உங்களை உட்காரச் சொல்லும் குடும்பத்திடம் கொடுக்கலாம். கல்லறைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான் இருக்கும். மண்மேடு எது பாதை எது என்று இருட்டில் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டால் இரவில் யார் தலைமாட்டிலும் கால் வைக்க மாட்டீர்கள். "புவெனாஸ் நோச்செஸ்" என்று வணக்கம் சொல்லி, "புவெதோ தோமார் உனா ஃபோத்தோ?" என்று கேட்டுவிட்டுப் படமெடுங்கள். மின்னல் விளக்கு கூடவே கூடாது. கேமரா முக்காலி அந்தச் சந்துகளில் அடுத்தவரை இடறிவிடும், எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓ 3200, நொடியில் 60இல் ஒரு பங்கு போதும். முகத்தில் எலும்புக்கூடு வரைந்துகொள்வது ஊர்வலத்துக்கும் தெருக் கூத்துக்கும் சரி. சிற்றூர்க் கல்லறையில் அழுதுகொண்டிருக்கும் பாட்டியின் முன்னால் அந்த முகத்தோடு போய் நிற்பது நன்றாக இருக்காது.

சைவக்காரர்களுக்கு ஒரு சொல் முக்கியம்: 'மன்தேகா', பன்றிக் கொழுப்பு. சோளமாவை இலையில் சுற்றி வேகவைக்கும் தமாலேயின் மாவில், பீன்ஸ் மசியலில் எல்லாம் இருக்கும். பாலாடைக்கட்டியும் மிளகாயும் வைத்த தமாலேயைச் சைவம் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். 'மன்தேகியா' என்றால் வெண்ணெய். ஓர் எழுத்தில் மாறிப்போகும். மோலே குழம்பு கோழிச் சாற்றில் கரைத்ததாகவே இருக்கும். "ஸின் கார்னே" (இறைச்சி வேண்டாம்) என்றால் கோழியும் வேண்டாம் என்று சிலர் எடுத்துக்கொள்வதில்லை. "ஸின் போயோ, ஸின் மன்தேகா" (கோழி வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். எலும்பு வடிவம் பதித்த 'பான் தே முவெர்த்தோ' ரொட்டியைப் பற்றியும் கடையில் இதே கேள்வியைக் கேளுங்கள். வஹாக்காவில் அதே நாளுக்கு மஞ்சள்கருச் சேர்த்த வேறு ரொட்டி. நடுவில் சின்ன முகம் ஒன்று பதித்திருக்கும்.

நவம்பர் 2 வங்கி விடுமுறை. சிற்றூர்களில் பண இயந்திரம் அதற்கு முன்பே காலியாகலாம். 20, 50 பெசோ தாள்களும் 5, 10 பெசோ நாணயங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும், 500 தாளைப் பூக்காரி மாற்றித் தர மாட்டார். இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த விகிதம் மோசம்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா இருந்தால் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னொரு நுணுக்கம்: மெக்சிகோவின் பெரும்பகுதி 2022இல் கோடைக்கால நேரமாற்றத்தைக் கைவிட்டது, அமெரிக்காவோ நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது. திரும்பும் விமானம் அதற்குப் பிறகு என்றால் இரு நாட்டு நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும்.

வாங்கி வருவதற்குச் சர்க்கரை மண்டையோடு அழகு, ஆனால் பெட்டியில் நொறுங்கும், ஈரத்தில் கசியும், எறும்பு வரும். அட்சோம்பாவின் பச்சை மெருகு மண்பாண்டம் துணியில் சுற்றினால் ஊர் வந்து சேரும்.